ஈர பனியன் சோதனை

மே 2, செவ்வாய்

ஐந்து மாதக் குழந்தைக்கு வியர்க்கிறதா இல்லையா என்று தொலைபேசியில் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு போனை ஆன்டோவிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நாகப்பட்டினத்திலிருந்து பேசினாள். பெயர் கார்குழலி. என் தம்பி ஆன்டோ யூடியூபில் போட்டிருக்கும் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். அதில் அவன் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "எனக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது, பொறக்கும்போது எடுத்துட்டு வர மறந்துட்டேன்" என்று சிரிப்பான். பிறகு பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சிரிப்பான். வீடியோவின் கீழே எங்கள் வீட்டு எண் இருக்கிறது. அதைப் போட வேண்டாம் என்று நான் சொன்னதை அவன் கேட்கவில்லை.

எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்பது நோயின் பெயர். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'நம்ம சமாச்சாரம்' என்போம். வியர்வைச் சுரப்பி இருக்காது. பல் இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டு, கூராக. தலையில் பூனை ரோமம். மற்றபடி அறிவுக்கும் ஆயுளுக்கும் குறை இல்லை, உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொண்டால். பார்த்துக்கொள்ளாவிட்டால் முதல் கோடையைத் தாண்டுவதே கஷ்டம். அம்மா வழியாக வரும். பையன்களுக்கு முழுதாக, பெண்களுக்கு அரைகுறையாக.

ஐந்து மாதத்தில் எந்தக் குழந்தைக்கும் பல் கிடையாது, முடியும் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. எல்லாக் குழந்தைகளும் எங்கள் ஆட்கள் மாதிரியேதான் இருக்கும். அதுதான் சிக்கல்.

"அவனுக்கு வேர்க்குதாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. எப்பவும் என் மடியிலதான் கெடக்கான். முதுகு ஈரமா இருக்கும். அது என் வேர்வையா அவன் வேர்வையான்னு எப்படிக்கா பிரிக்கிறது?"

நல்ல கேள்வி. காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன்.

பிறந்ததிலிருந்து காய்ச்சல். காலை பத்து மணிக்கு மேல் ஏறுகிறது, நூற்று மூன்று வரை போகிறது, பொழுது சாய்ந்தால் தானாக இறங்குகிறது. மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எதிலும் ஒன்றும் இல்லை. அடுத்து வந்தால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில். வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

போனை வைத்ததும் ஆன்டோ, "நம்ம புள்ளதான்க்கா. சந்தேகமே இல்ல" என்றான்.

"உனக்கு உலகத்துல இருக்கற எல்லாக் காய்ச்சலும் நம்ம காய்ச்சல்தான்."

"பெட் கட்றியா?"

நான் கட்டவில்லை. நாளை மறுநாள் கத்திரி ஆரம்பம். அந்தக் குழந்தைக்கு இது முதல் கோடை.

மே 4, வியாழன்

கத்திரி முதல் நாள். வேலூரில் நாற்பத்தொன்று. ஆன்டோவுக்கு இது திருவிழாக் காலம் மாதிரி, ஏற்பாடுகள் அவ்வளவு. காலையில் இரண்டு பனியன்களை நனைத்து ஒன்றைப் போட்டுக்கொள்வான், ஒன்றைப் பையில் எடுத்துக்கொள்வான். சலூன்காரர்கள் வைத்திருக்கும் தண்ணீர் ஸ்பிரே ஒன்று இடுப்பில். வேலை செய்வது ஐஸ்கிரீம் குடோனில். மற்றவர்கள் கம்பளிச் சட்டையோடு கால்மணி நேரம் நின்றுவிட்டு வெளியே ஓடிவருவார்கள். இவன் உள்ளே அரைக்கைச் சட்டையோடு பாட்டுப் பாடிக்கொண்டு இருப்பான். கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தவிர அவனுக்குக் குறை ஒன்றுமில்லை. அதையும் அவன் குறையாகச் சொல்வதில்லை.

இந்த வருடம் அவன் தலையில் ஒரு புது யோசனை. அவன் வாட்ஸ்அப்பில் நடத்தும் 'வேர்க்காதோர் சங்கம்' குடும்பங்களையெல்லாம் நேரில் கூட்ட வேண்டுமாம். மே 21, ஞாயிறு, முகூர்த்தம் இல்லாத நாள், ஏசி மண்டபம் பேசியாகிவிட்டது.

"வெயில் தாங்காதவங்களை மே மாசத்துல கூப்பிடறியே?" என்றேன்.

"மே மாசத்துலதான்க்கா ஸ்கூல் லீவு."

சமையல் பட்டியலை நான்தான் திருத்தித் தர வேண்டுமாம்.

கார்குழலிக்கு அவனுடைய சோதனையைச் சொல்லச் சொன்னான். ஈர பனியன் சோதனை: காய்ச்சல் ஏறும்போது குழந்தையின் உடம்பில் ஈரத்துணியைப் போட வேண்டும். அரைமணியில் சூடு மளமளவென்று இறங்கினால் நம்ம சமாச்சாரம். இறங்காவிட்டால் வேறு காய்ச்சல். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். இதுவரை ஒரு குடும்பத்திலும் தப்பியதில்லை என்றான். அது உண்மைதான். ஒப்புக்கொண்டு போன் செய்தேன். நாளை செய்கிறாளாம்.

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் உடன் வேலை செய்யும் ஹேமாவதி வீட்டு முறுக்கு. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு முறுக்கு பிடிக்காது.

மே 5, வெள்ளி

மதியம் கார்குழலி பேசினாள். ஈரத்துணி போட்டாள். அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. இறங்கவில்லை. நூற்று மூன்றிலிருந்து நூற்று நான்குக்கு ஏறியது.

ஆக, இல்லை. ஒரு கருதுகோள், ஒரு சோதனை, தெளிவான முடிவு. எனக்கு ஒருவிதத்தில் திருப்தியாகக்கூட இருந்தது. டாக்டர் சொல்வதைக் கேள் என்றேன்.

அவள் உடனே வைக்கவில்லை. "அப்ப நாங்க உங்க ஆளுங்க இல்லையாக்கா?" என்றாள்.

நல்ல செய்தியைச் சொன்னவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவள் குரலில் பந்தியில் பாதியில் எழுப்பப்பட்டவளின் ஏமாற்றம்.

மே 6, சனி

ஆன்டோ பேசவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதுவும் எனக்குப் பிடிக்காத ஸ்ட்ராபெரி.

மே 8, திங்கள்

எனக்கும் ஆன்டோவுக்கும் நடுவில் ஒருவன் இருந்தான். பெயர் ரூபன். ஒன்பது மாதம். அவனும் ஒரு மே மாதத்தில்தான் போனான். அம்மா அவனைப் போர்த்திப் போர்த்தி மடியில் வைத்திருந்தது எனக்கு நினைவில்லை. எனக்கு அப்போது நாலு வயது. ஆனால் அந்தப் போர்வை பச்சை நிறம் என்பது தெரியும்.

இன்று தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லி வாங்கினோம்.

மே 10, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்குக் கோடை முகாம். எனக்குக் கொடுத்தது 'காற்றும் ஈரமும்'. ஒவ்வொரு வருடமும் செய்வதுதான்: ஒரு பலகையில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். சும்மா இருப்பது நாற்பது காட்டியது, ஈரத்துணி கட்டியது இருபத்து மூன்று. பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். ஒவ்வொரு வருடமும் 'ஓ' என்பார்கள். ஒவ்வொரு வருடமும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"துணியிலிருந்து ஈரம் காய்ந்து போகிறது. போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர் காய்ந்த ஊர். அதனால் இவ்வளவு வித்தியாசம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது, குளிராது. கடற்கரை ஊர்களில், உதாரணமாக நாகப்பட்டினத்தில்..."

அங்கே நின்றுவிட்டேன்.

வாணியம்பாடி. திருவண்ணாமலை. தர்மபுரி. ஆத்தூர். சங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கடல் பார்த்த ஊர் ஒன்றுகூட இல்லை. ஆன்டோவின் சோதனை காய்ந்த ஊர்க்காரனின் சோதனை. அதை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்துப் பார்த்துவிட்டு, 'தெளிவான முடிவு' என்று எழுதியவள் நான். பாடம் நடத்துகிறவள்.

பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது உண்மை. வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தாள். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம். ஆஸ்பத்திரி வார்டு.

"குழலி, அன்னிக்கு ஈரத்துணி போட்டப்ப ஃபேன் ஓடிச்சா?"

"என்னக்கா?"

"ஃபேன், ஃபேன்!"

"இல்லக்கா. ஈரத்தோட காத்து பட்டா ஜன்னி வந்துடும்னு மாமி நிறுத்திட்டாங்க. ஜன்னலையும் சாத்திட்டாங்க."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எங்கள் வீட்டில் ஃபேன் நின்றதே கிடையாது. கரண்ட் போனால் ஆன்டோ குடோனுக்குப் போய்விடுவான். 'ஃபேனைப் போடு' என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நாற்பது வருடமாக ஃபேனுக்கு அடியில் வாழ்கிறவர்கள்தான் இப்படி ஒரு தவறைச் செய்ய முடியும். மூடிய அறை, கடற்காற்றின் ஈரம், மேலே ஈரத்துணி. அது குளிர வைக்கும் துணி இல்லை, இட்லிக் கொப்பரை.

தோற்றது சோதனைதான், கருதுகோள் அல்ல!

"மறுபடி போடு. ஃபேனை முழுசா வச்சு, ஜன்னலைத் திறந்து போடு."

பக்கத்தில் மாமியாரின் குரல் நன்றாகவே கேட்டது. "யாரு, அந்த டீச்சரம்மாவா? அந்தம்மா பேச்சக் கேட்டுத்தான் புள்ளைக்கு நூத்தி நாலு ஏறுச்சு. போனை வையி."

வைத்துவிட்டாள். முதுகில் ஊசி வெள்ளிக்கிழமை காலை என்று மட்டும் சொல்ல முடிந்தது அவளால்.

மாமியார் சொன்னதில் தவறில்லை. இன்னொரு முறை சொல்வதற்கு முன்னால் எனக்கும் இன்னொரு ஆதாரம் வேண்டும். குழந்தையிடம் இல்லை. ஆனால் இது அம்மா வழியாக வருவது. அம்மாவிடம் இருக்கும்.

அவளுடைய வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்யாணப் படம். தடிமனான பின்னல், சவுரி வைத்தது. புருஷன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவள் உதட்டைப் பூட்டிக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

பிள்ளைகளிடம் திரும்பிப் போக முக்கால் மணி ஆகிவிட்டது. அதற்குள் ஒரு தெர்மாமீட்டரை உடைத்திருந்தார்கள். நான் திட்டவில்லை. அதுவே அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கும்.

மே 11, வியாழன்

காலையில் வீடியோவில் கூப்பிட்டேன். மாமியார் டீ வாங்கப் போயிருக்கிறார் என்றாள். குழந்தையைக் காட்டினாள். பெயர் அகரன். கண்ணைச் சுற்றிக் கருவளையம், வயதான நீதிபதி மாதிரி. ஆன்டோவின் சிறுவயதுப் படங்களில் அப்படித்தான் இருக்கும். நான் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"குழலி, ஒண்ணு கேக்கணும். உன் பல்லெல்லாம் உன்னோடதுதானா?"

படம் சாய்ந்தது. வார்டின் கூரை தெரிந்தது. ஓடாமல் நிற்கும் ஃபேன் தெரிந்தது.

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?" குரல் சின்னதாகிவிட்டது. "இந்தா, மாமி வந்துட்டாங்க." கட் செய்துவிட்டாள்.

ஆன்டோ கதவருகில் நின்றிருந்தான். "நான் என்னுதைக் கழட்டிக் காட்டட்டாக்கா?"

"உன்னுது ஊருக்கே தெரியும். அது உதவாது."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. என் அறையில் கட்டில் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும். அதை அவன் தொடக்கூடாது, யார் வந்தாலும் முதலில் அலமாரிக்குள் போக வேண்டும். இவ்வளவுதான் எங்களுக்குள் அதைப் பற்றிய பேச்சு, இத்தனை வருடத்தில்.

கதவைச் சாத்தினேன். பிறகு திறந்துவிட்டேன்.

மறுபடி கூப்பிட்டேன். அவள் எடுத்தபோது நான் தயாராக இருந்தேன். பேசவில்லை. அந்த நிலையில் எனக்கு 'ச' வராது. மேசைமேல் எதை எடுத்து வைத்தேன் என்று எழுத வேண்டியதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து காட்டினேன், அவ்வளவுதான். மேலே ஐந்து, கீழே மூன்று, அதில் இரண்டு கூர். நாற்பத்தொன்பது வயதில் எனக்குச் சொந்தமானவை.

கார்குழலி கண்ணை அகலத் திறந்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு இன்னொரு முகம் திரையை நிறைத்தது. பெரிய மூக்குத்தி.

"யாரு இது காலங்காத்தால வாயப் பொளந்துக்கிட்டு... ஏய் குழலி! இந்தம்மா கூர்ப்பல்லும் உன் கூர்ப்பல்லு மாதிரியேல்ல இருக்கு!"

"மாமி..."

"என்னடி மாமி? நாலு பல்லு மட்டும் டியூப்லைட்டு மாதிரி எரிஞ்சா எனக்குக் கண்ணு தெரியாதா? கல்யாணத்தன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவ, நீயா சொல்லுவன்னு நானும் ரெண்டு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன், எதையோ முழுங்கின மாதிரி உக்காந்திருக்க."

கார்குழலி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. திரையில் அவள் தோள் மட்டும்தான் தெரிந்தது. குலுங்கியது.

மாமியார் பெயர் ராஜாமணி. போனைக் கிட்டே வைத்துக்கொண்டு, குரலை இறக்கி என்னிடம் கேட்டார். "ஏம்மா டீச்சரம்மா, எம் பேரனுக்கும் உங்களுக்கும் ஒரே சமாச்சாரமா?"

தலையாட்டினேன்.

"உங்களுக்கு என்ன வயசு?"

திரும்பி, போட்டுக்கொண்டு, "அம்பதை நெருங்கறேன்" என்றேன்.

"அம்பது வரைக்கும் இருக்கலாமா இதோட?"

அவர் கேட்க வந்தது அது ஒன்றுதான். ஆன்டோ என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினான். "எனக்கு முழுசாவே கீதும்மா. நாப்பத்தி ரெண்டு வயசு. இன்னா, பாத்தா தெரியுதா?" என்று பல் செட்டைக் கழற்றி ஆட்டினான்.

"அட கண்றாவி!" என்றார் ராஜாமணி. ஆனால் அவனை முழுதாக, மேலிருந்து கீழ்வரை, கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தார். ஸ்விட்ச் விழும் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில் பெண் எதிர்ப்புச் சொன்னாள். "உம் புள்ளைக்குப் போத்து, எம் புள்ளைக்குக் காத்து வேணும்" என்றார்.

பத்தரைக்கு நூற்று மூன்று. ஈரத்துணி, ஃபேன், திறந்த ஜன்னல். குழலி ஒவ்வொரு கால்மணிக்கும் ஓர் எண்ணை அனுப்பினாள். நூற்று இரண்டரை. நூற்று ஒன்றே முக்கால். நூற்று ஒன்று. ஆன்டோ வேலைக்குப் போகவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் கிரிக்கெட் பார்ப்பவன் மாதிரி மேசையைத் தட்டினான். நானும் ஒருமுறை தட்டினேன். தொண்ணூற்றொன்பதரை வந்தபோது அவன் என்னைத் தூக்கிவிட்டான். நான் ஐம்பத்தெட்டு கிலோ.

மே 12, வெள்ளி

வார்டில் இளம் டாக்டர் ஒருவர். குழலி போனைக் கொடுத்தாள். மறுத்துப் பேசுவார் என்று நினைத்துக் குறிப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பதினைந்து நிமிடம் கேட்டார். "பாடத்துல ஒரு பாரா படிச்சிருக்கேன் மேடம். நேர்ல பாத்ததில்ல" என்றார். பெரிய டாக்டரிடம் பேசி ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மரபணுச் சோதனைக்கு இரத்தம் போகிறது. முடிவு வரச் சில வாரம். அதுவரை இது உறுதி இல்லை என்று ஆன்டோவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவன் குழுவில் ஏற்கெனவே போட்டுவிட்டான்: 'நம்ம சங்கத்துக்குக் கடலோரக் கிளை திறக்கப்பட்டது.'

டாக்டர் குழலியின் பல்லைப் பார்க்க வேண்டும் என்றாராம். காட்டினாளாம். ராஜாமணி பக்கத்தில் நின்று, "நல்லாத் தொறடி, டாக்டரு படிக்கணும்ல" என்றாராம்.

மே 15, திங்கள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை. ராஜாமணி சலூனில் போய் ஸ்பிரே வாங்கிவந்து தெருவையே நனைக்கிறாராம்.

ஆன்டோவின் சமையல் பட்டியலைத் திருத்திக் கொடுத்தேன். இட்லி, பொங்கல், இடியாப்பம், கேசரி. வடையை அடித்தேன். "வடை இல்லாத விசேஷமா?" என்று கேட்டான். மெல்லுகிறவன் யார் என்று கேட்டேன். தயிர்வடை என்று சமாதானம் ஆயிற்று.

மேடையில் பேச அழைத்திருக்கும் வேலூர் டாக்டருக்குப் போர்த்தப் பொன்னாடையும் வாங்கிவிட்டான், மொத்த விலையில் ஒரு டஜன்.

மே 18, வியாழன்

நாற்பத்திரண்டரை. ஹேமாவதி, "என்ன மேடம், ரெண்டு நாளா பாட்டு முணுமுணுக்கறீங்க?" என்றாள். இல்லை என்றேன். பிறகு கவனித்தேன். ஆமாம்.

மே 20, சனி

நாளை கூட்டம். என்ன நடக்கும் என்று இன்றே எழுதி வைக்கிறேன். நாளை நான் நினைவை வளைத்துவிடக் கூடாது.

ஒன்று, பாதிப் பேர் வரமாட்டார்கள். இந்த வெயிலில் அது நியாயம். இரண்டு, குழலியை அனுப்ப மாட்டார்கள். ராஜாமணி நேற்றுப் பேசும்போது, "கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரமா? பாப்போம்" என்றார். 'பாப்போம்' என்றால் இல்லை என்று பொருள். மூன்று, நான் ஃபேனைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுவேன். என்னைப் பற்றிப் பேச மாட்டேன். ஒருமுறை செய்தது தேவை இருந்ததால். அது போதும்.

ஆன்டோ கேட்டான், "இன்னாக்கா, பயமா கீதா?"

"எதுக்குப் பயம்?"

"அப்ப ஏன் மூணு புடவை எடுத்து வச்சிருக்க?"

மே 21, ஞாயிறு

நடந்தது இது.

எல்லாரும் வந்தார்கள். விடியுமுன் கிளம்பி, வெயிலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார்கள். வெயிலோடு கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆன்டோ ஏசியை அடிமட்டத்தில் வைத்திருந்தான். சங்கத்துப் பையன்கள் அரைக்கைச் சட்டையில் குதித்துக்கொண்டிருக்க, வியர்க்கத் தெரிந்த அப்பாக்களெல்லாம் மே மாதத்தில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்கு வாங்கிய பொன்னாடைகள் ஒவ்வொன்றாக அவர்கள் தோளுக்குப் போயின. டாக்டர் வந்தபோது போர்த்த ஒன்றும் மிச்சமில்லை. ஆத்தூர்க்காரர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு சத்தம். "இதுதான் மண்டபமா? ஃபேன் ஓடுதா இல்லையா?" ராஜாமணி. ஒரு கையில் ஸ்பிரே, துப்பாக்கி பிடிப்பதுபோல. இன்னொரு கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. பின்னால் குழலி, ஈரச்சட்டை போட்ட அகரனைத் தோளில் போட்டுக்கொண்டு. சவுரி இல்லை. சின்னதாக ஒரு கொண்டை.

நான் கிட்டே போனதும் குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கி, புறங்கையை அவன் கழுத்தில் வைத்தேன். குளிர்ச்சி. அந்த இடத்திலேயே கையை ரொம்ப நேரம் வைத்திருந்தேன் போலிருக்கிறது. "அக்கா, அவனுக்குக் கூசுது" என்று குழலி சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, ஈரமும் காற்றும் பற்றிச் சரியாக மூன்று வாக்கியம் சொன்னேன். நான்காவதாக, "நானும் சங்கத்து ஆள்தான்" என்றேன். இதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. யாரும் திகைக்கவில்லை. தர்மபுரியிலிருந்து வந்த ஓர் அம்மா, "அது தெரியும் மேடம், மேல சொல்லுங்க" என்றார்.

டிபன் முடிந்து காபி வந்தபோது ராஜாமணி தூக்கைத் திறந்தார். முறுக்கு. கை முறுக்கு, கம்பி மாதிரி முறுகலாக, மண்டபம் முழுவதற்கும் போதுமான அளவு.

"சும்மா கையை வீசிக்கிட்டு வர முடியுமா? ரெண்டு நாளா உக்காந்து சுட்டேன்" என்றார்.

யாரும் கையை நீட்டவில்லை. ராஜாமணி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். மெதுவாக அவருக்கு உறைத்தது. "அய்யய்யோ, ஒங்க யாருக்கும்..." என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது குழலி. வாயைப் பொத்தவில்லை.

ஆன்டோ ஒரு முறுக்கை எடுத்து, செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முறுக்கைக் காபியில் முக்கினான். பத்து எண்ணும்வரை பொறுத்து வாயில் போட்டுக்கொண்டான். "பிரமாதம்மா!" வாணியம்பாடிக்காரர் அடுத்து. பிறகு ஒரு கல்லூரிப் பெண். நீள மேசையில் ஒவ்வொருவர் டம்ளர் பக்கத்திலும் ஒரு செட் உட்கார்ந்தது. எதிரே, பல் இருக்கும் அப்பாக்கள் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தார்கள், பொன்னாடையோடு.

குழலியால் தன்னுடையதைக் கழற்ற முடியாது, அவளுடையது கட்டிய பல். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறுக்கை என் தட்டில் வைத்தாள். நான் காபியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

வெளியே மதியம் நாற்பத்திரண்டு. அகரனுக்குத் தொண்ணூற்றெட்டரை. ராஜாமணி ஒவ்வொரு மணிக்கும் பார்த்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அறிவித்தார்.

மேசையிலிருந்து எழுந்தபோது எது யாருடையது என்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது. என்னுடையதை ஆன்டோதான் அடையாளம் சொல்லி எடுத்துக் கொடுத்தான்.

முறுக்கு எனக்குப் பிடிக்காது என்று இந்த மாதம் நான்காம் தேதி எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. மூன்று சாப்பிட்டேன்.